எத்தனை தடவை கேட்டாய்?

தாம்பரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவில் மின்சார ரயில் நிற்கிற ஒரு நிலையத்துக்குத் தாம்பரம் சானடோரியம் என்று பெயர். மற்ற ஊர்களுக்கு ஏரியின் பெயரோ கோயிலின் பெயரோ வாய்த்திருக்க, எங்கள் பேட்டைக்கு ஓர் ஆஸ்பத்திரியின் பெயர் வாய்த்துவிட்டது. நான் சிறுவனாக இருந்தபோது, வெளியூர் உறவினர் யாராவது "எங்கே குடியிருக்கிறீர்கள்?" என்று கேட்டு, "சானடோரியம்" என்று நாங்கள் பதில் சொன்னால், உட்கார்ந்திருந்த நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்திக் கொள்வார்கள்.

அந்த ஆஸ்பத்திரியை 1928-ஆம் ஆண்டில் டாக்டர் சௌரி முத்து என்பவர் காசநோயாளிகளுக்காக ஆரம்பித்தார். நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது. நல்ல காற்று, வெயில், ஓய்வு, சத்துள்ள ஆகாரம் ஆகியவைதாம் வைத்தியம். 1937-இல் அது அரசாங்கத்தின் கைக்கு வந்தது. பெயர் மாறி, கட்டடங்கள் பெருகி, இன்று அரசினர் நெஞ்சக நோய் மருத்துவமனையாக இருக்கிறது. ரயில் நிலையம் மட்டும் பழைய பெயரை விடவில்லை.

1991-இல் என் அப்பா அங்கே படுத்திருந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. என் அக்காவுக்குப் பதினான்கு. அப்பாவின் உடம்பு துணி உலர்த்தும் கொடியைப் போல ஆகிவிட்டிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அம்மா என்னைக் குளிப்பாட்டி, தெருமுனை மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனாள். சந்நிதியில் இரண்டு பொட்டலங்கள் இருந்தன. வாழையிலைத் துண்டில் மடித்து நாரால் கட்டிய பொட்டலங்கள். ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை. மற்றதில் சிவப்பு அரளி. "அம்மனை நினைச்சிக்கிட்டு ஒண்ணை எடுடா, கண்ணு" என்றாள். எடுத்தேன். அம்மா நடுங்கும் விரல்களால் நாரை அவிழ்த்தாள். வெள்ளை! அப்படியே தரையில் விழுந்து அழுதாள்.

அப்பா பிழைத்தார். அதற்குப் பிறகு இருபது வருஷம் இருந்தார். எங்கள் குடும்பத்தில் அன்றுமுதல் என் கை ராசிக்கை என்று பெயரெடுத்தது. நிலத்துக்கு முன்பணம் கொடுக்க வேண்டுமா, கடைக்குப் பூட்டுத் திறக்க வேண்டுமா, குலுக்கல் சீட்டில் பெயர் எடுக்க வேண்டுமா, என்னைத்தான் கூப்பிடுவார்கள். இந்தச் சம்பவத்தை நான் ஒரு சிறுகதையாகவும் எழுதினேன். வாசகர்கள் உருகிக் கடிதம் எழுதினார்கள். அந்தக் கதையில் ஒரு பொய் இருந்தது என்று எனக்குச் சென்ற ஆண்டுதான் தெரிந்தது. அதைத் தெரிவித்தவள் அக்கா. தெரிவிக்கும்படி நேர்ந்ததற்குக் காரணம் அக்காவின் மகள்.

அக்காவின் மகள் ஆராய்ச்சி மாணவி. எந்த நிறுவனம் என்பது இங்கே அவசியமில்லை. காசநோய்க்காரர்களின் ரத்தத்தையும், அவர்களோடு ஒரே வீட்டில் வசித்தும் நோய் வராதவர்களின் ரத்தத்தையும் ஒப்பிடுவது அவள் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தாயும் மகளுமாக என் வீட்டுக்கு வந்தார்கள். பெண்ணின் முகம் வாடியிருந்தது. காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"மாமா, நீங்க கதை எழுதுறவர். ஒரு நல்ல கதை கிடைச்சா, அது உண்மையா இல்லையான்னு தெரியாதப்போ என்ன செய்வீங்க?"

"எழுதிவிடுவேன்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.

பட்டப்படிப்பைப் பாதியில் விட்டவன் நான். அவள் சொன்னதை என் புத்திக்கு எட்டிய அளவில் சொல்கிறேன். நம் உடம்பின் செல்களில் ஏறத்தாழ இருபதாயிரம் ஜீன்கள் இருக்கின்றன. எல்லாம் எல்லா நேரமும் வேலை செய்வதில்லை. நோய் வந்தபோது சில விழித்துக்கொள்கின்றன. சில அடங்கிப் போகின்றன. அப்படி நோயாளிகளிடம் அதிகமாக விழித்திருந்த முந்நூறு ஜீன்களின் பட்டியல் அவளிடம் இருந்தது. முந்நூறு பெயர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? டெலிபோன் டைரக்டரியைப் படித்தவன் ஊரைப் பற்றித் தெரிந்துகொண்டதாக ஆகுமா? ஆகவே, அந்த ஜீன்கள் எந்தெந்த வேலையைச் சேர்ந்தவை என்று பார்க்கிறார்கள். இதற்கென்றே விஞ்ஞானிகள் 1998 முதல் ஒரு பெரிய அட்டவணையைத் தொகுத்து வருகிறார்கள். இன்ன ஜீன் இன்ன வேலைக்கு உதவும் என்று அதில் ஆயிரக்கணக்கான தலைப்புகள் உண்டு. ஒரு ஜீன் பல தலைப்புகளில் இருக்கலாம்.

"புரியற மாதிரி சொல்லு" என்றேன்.

"நம்ம பேட்டையில இருபதாயிரம் பேர் இருக்காங்கன்னு வச்சிக்குங்க. பஜனை சங்கம், சீட்டுக் குழு, நூலகம், வாக்கிங் கோஷ்டி... ஒவ்வொருத்தரும் ஏதேதோ சங்கத்துல உறுப்பினர். நேத்து ராத்திரி கடைசி ரயில்ல முந்நூறு பேர் வந்து இறங்கினாங்க. அதுல பஜனை சங்கத்துக்காரங்க எத்தனை பேர்? சங்கத்துல மொத்தம் இருநூறு பேர்னா, சாதாரணமா மூணு பேர் இருக்கணும். பத்துப் பேர் இருந்தா?"

"எங்கேயோ பஜனை நடந்திருக்கிறது!"

"அதேதான். சும்மா தற்செயலா பத்துப் பேர் வந்து சேர ஏறக்குறைய ஆயிரத்துல ஒரு வாய்ப்புதான் இருக்கு. அந்த வாய்ப்பு எண்ணைத்தான் 'பி'ன்னு சொல்றோம். அது சின்னதா இருந்தா, தற்செயல் இல்லைன்னு சந்தேகப்படலாம்."

இருபதில் ஒன்றுக்குக் கீழே இருந்தால் கவனிக்கத் தகுந்தது என்ற வழக்கம், ரொனால்ட் ஃபிஷர் என்ற ஆங்கிலேயப் புள்ளியியல் அறிஞர் 1925-இல் எழுதிய புத்தகத்தின் மூலம் பரவியதாம். அவளுடைய பட்டியலில் ஒரு தலைப்புக்கு அந்த எண் 0.0006 என்று வந்திருந்தது. பத்தாயிரத்தில் ஆறு! அந்தத் தலைப்பு என்ன தெரியுமா? வைட்டமின் டி சம்பந்தப்பட்டது. வெயில் பட்டால் நம் தோலில் உண்டாகிறதே, அந்த வைட்டமின்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வெயிலையும் காற்றையும் மருந்தாக நம்பி 1928-இல் ஒருவர் இங்கே ஆஸ்பத்திரி கட்டுகிறார். கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்து, அதே பேட்டையில் வளர்ந்த ஒரு பெண், நோயாளியின் ரத்தத்திலே வெயிலின் கையெழுத்தைப் படிக்கிறாள்! எப்பேர்ப்பட்ட கதை!

"போடு! அப்படியே போடு!" என்றேன்.

"அதுதான் மாமா கஷ்டம். நான் பார்த்தது ஒரு சங்கத்தை இல்லை. நாலாயிரம் சங்கம்."

கொஞ்சம் யோசித்தால் நம்மைப் போன்றவர்களுக்கும் இது விளங்கும். ஒரு பரீட்சையில் தற்செயலாகத் தேறுவதற்கு இருபதில் ஒரு வாய்ப்புத்தான் என்றால் அது கடினமான பரீட்சைதான். ஆனால் இருபது பரீட்சை எழுத விட்டால், ஏதாவது ஒன்றிலாவது தற்செயலாகத் தேறிவிட நூற்றுக்கு அறுபத்து நான்கு வாய்ப்பு. நாலாயிரம் பரீட்சை எழுதவிட்டால், ஒன்றுமே தெரியாதவன்கூட சுமார் இருநூறில் தேறிவிடுவான். தேறிய இருநூறையும் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, மற்றவற்றைப் பரணில் போட்டால், வருகிறவர்கள் அவனை மேதாவி என்றுதான் நினைப்பார்கள்.

2009-இல் அமெரிக்காவில் சில ஆராய்ச்சியாளர்கள் ஒரு வேடிக்கை செய்தார்கள் என்று அவள் சொன்னாள். மூளையைப் படம் பிடிக்கும் எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் ஒரு சால்மன் மீனை வைத்தார்கள். செத்த மீன். அதற்கு மனிதர்களின் புகைப்படங்களைக் காட்டி, "இவர் என்ன மனநிலையில் இருக்கிறார்?" என்று கேட்டார்கள். மூளையின் ஆயிரக்கணக்கான புள்ளிகளைத் தனித்தனியே சோதித்துப் பார்த்ததில், செத்த மீனின் மூளை இரண்டொரு இடத்தில் 'சிந்தித்தது'! எத்தனை புள்ளிகளைச் சோதித்தோம் என்பதைக் கணக்கில் சேர்த்துத் திருத்தியவுடன் மீன் மறுபடியும் செத்துவிட்டது.

அந்தத் திருத்தம் எப்படி? மிகவும் கண்டிப்பான முறை ஒன்று உண்டு. 1936-இல் எழுதிய போன்ஃபெரோனி என்ற இத்தாலியக் கணித அறிஞரின் பெயரால் அது வழங்குகிறது. நாலாயிரம் கேள்வி கேட்டாயானால், எல்லைக்கோட்டையும் நாலாயிரத்தால் வகு என்கிறது அது. இருபதில் ஒன்று என்பது லட்சத்தில் ஒன்றேகாலாகச் சுருங்கிவிடும். ஒரே ஒரு பொய்கூட உள்ளே நுழையக்கூடாது என்று வாசலில் தடியுடன் நிற்கும் காவல்காரன் இது. இவனிடம் உள்ள குறை, பொய்யோடு சேர்த்து மெலிந்த உண்மைகளையும் விரட்டிவிடுவான்.

1995-இல் இஸ்ரேல் நாட்டின் பெஞ்சமினி, ஹோஹ்பெர்க் என்ற இருவர் வேறொரு வழி சொன்னார்கள். ஒரு பொய்கூடக் கூடாது என்று அடம்பிடிக்காதே. நீ கண்டுபிடித்ததாகச் சொல்கிறவற்றில் எத்தனை பங்கு பொய்யாக இருக்கலாம் என்று கணக்குச் சொல் என்றார்கள். அக்கா மகளின் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நாலாயிரம் தலைப்புகளில் 0.0006-ஐயோ அதற்குக் குறைவாகவோ பெற்றவை மொத்தம் ஆறு. வெறும் அதிர்ஷ்டத்தாலேயே அந்த அளவை எட்டக்கூடியவை எத்தனை? நாலாயிரத்தை 0.0006-ஆல் பெருக்கினால் 2.4. ஆறில் 2.4 என்றால் 0.4. அதாவது, இந்த ஆறையும் 'கண்டுபிடித்தேன்' என்று அவள் பறைசாற்றினால், அவற்றில் நூற்றுக்கு நாற்பது பங்கு பொய்யாக இருக்கக்கூடும்.

"அப்போ வைட்டமின் டி பொய்யா?"

"அப்படியும் சொல்ல முடியாது மாமா. எல்லாரும் அங்கதான் தப்புப் பண்றாங்க. 0.4ன்னு வந்தா 'இல்லை'ன்னு அர்த்தம் இல்லை. 'இந்தச் சாட்சியை வச்சு எனக்குச் சொல்லத் தெரியலை'ன்னு அர்த்தம். இன்னொண்ணு, அந்த ஆறுல நாலு தலைப்புல ஏறக்குறைய அதே ஜீன்கள்தான். ஒரே சேதியை நாலு சொந்தக்காரங்க வந்து சொன்னா நாலு சேதி ஆயிடுமா?"

பிறகு இன்னொரு சூட்சுமத்தையும் சொன்னாள். யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதிலும் ஏமாற்று நுழையும். சானடோரிய வாசலில் நின்றுகொண்டு இருமுகிறவர்களை எண்ணி, சென்னை நகரத்தோடு ஒப்பிட்டால், இந்தப் பேட்டையில் ஏதோ பெருவாரி நோய் பரவியிருப்பதாகத் தோன்றும். ரத்தத்தில் எப்போதும் நோய் எதிர்ப்பு ஜீன்கள்தாம் அதிகமாக விழித்திருக்கும். ஆகவே உடம்பின் எல்லா ஜீன்களோடும் ஒப்பிடாமல், ரத்தத்தில் வழக்கமாக விழித்திருப்பவற்றோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். அதை அவள் ஒழுங்காகவே செய்திருந்தாள்.

சிக்கல் வேறிடத்தில். அவளுக்கு வழிகாட்டும் பேராசிரியர் ஒரு யோசனை சொல்லியிருந்தார். "நாலாயிரம் தலைப்பை எதற்குப் பார்த்தாய்? நமக்கு வேண்டியது நோய் எதிர்ப்பு. அதைச் சேர்ந்த அறுபது தலைப்பை மட்டும் வைத்துக்கொள். அறுபதால் பெருக்கினால் 0.036, தேறிவிடும். கட்டுரையும் நல்ல சஞ்சிகையில் வரும்." அவர் கெட்டவர் அல்லர். பெண்ணின் உதவித்தொகை முடிய எட்டு மாதந்தான் இருந்தது. அவளுடைய நன்மையை நினைத்தே சொன்னார். அவர் சொன்னதில் கணக்குப் பிழையும் இல்லை. ஆரம்பத்திலேயே அந்த அறுபதை மட்டும் பார்ப்பது என்று தீர்மானித்திருந்தால் அது முற்றிலும் நேர்மையான ஆராய்ச்சி.

எனக்கு இங்கேதான் தலை சுற்றியது. அதே ரத்தம். அதே ஜீன்கள். அதே 0.0006. முன்பே தீர்மானித்திருந்தால் அது கண்டுபிடிப்பு. பார்த்த பிறகு தீர்மானித்தால் மோசடி. நோயாளியின் உடம்புக்குள் நடப்பது, நான் எந்தத் தேதியில் என்ன தீர்மானித்தேன் என்பதைப் பொறுத்தா மாறும்? உண்மை என்பது அவ்வளவு நோஞ்சானா? இந்தக் கேள்வியை அவளிடமே கேட்டேன்.

அவள் பதில் சொல்வதற்குள், அதுவரை வாழைக்காய் நறுக்கிக்கொண்டு சும்மா இருந்த அக்கா தலையை நிமிர்த்தாமலே பேசினாள்.

"உங்க அம்மாகூட அப்படித்தான் பண்ணினாங்க."

எங்கள் இருவருக்கும் ஒரே அம்மாதான். ஆனால் அக்கா எப்போதாவது மனம் கசந்தால் 'உங்க அம்மா' என்றுதான் சொல்வாள்.

"என்ன பண்ணினாள்?"

"நீ பூ எடுத்தது மூணாவது தடவை. மொதல் செவ்வாய்க்கிழமை நான் எடுத்தேன். செவப்பு. வெள்ளிக்கிழமை பூசாரியை எடுக்கச் சொன்னாங்க. அதுவும் செவப்பு. அதுக்கப்புறந்தான் உன்னைக் கூட்டிட்டுப் போனாங்க. 'யார்கிட்டயும் சொல்லாதே'ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டாங்க."

அக்கா அரிவாள்மணையைச் சாய்த்து வைத்தாள்.

"அன்னிக்கு ராத்திரி புளி போட்டுக் கையைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவினேன். அப்பா செத்தா என் கையாலதான்னு நினைச்சேன். பொழைச்சுட்டாரு. ஆனா கை என்னவோ அப்படியேதான் இருக்கு."

முப்பது வருஷங்களுக்கு மேலாக நான் பார்த்துப் புரிந்துகொள்ளாத பல விஷயங்கள் அந்த ஒரு நிமிஷத்தில் வரிசையாக வந்து நின்றன. அக்கா தன் பரீட்சை முடிவை ஒருநாளும் தானே பார்க்கமாட்டாள். புதுமனை புகும்போது பால் காய்ச்ச, வேறு யாரையாவது முன்னால் தள்ளிவிடுவாள். சீட்டுக் குலுக்கலுக்கு, "நீ வாடா, உன் கைதான் ராசி" என்று என்னைப் போனில் அழைப்பாள். அவளுக்குச் சங்கோசம் என்று நான் நினைத்திருந்தேன். என் கையின் ராசி, அவள் கையின் சாபத்திலிருந்து கடன் வாங்கியது என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்று தடவை பொட்டலம் எடுத்தால் ஒரு தடவையாவது வெள்ளை வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று மருமகளைக் கேட்டேன். எட்டில் ஏழு என்றாள். அம்மன் கொடுத்த வரம் என்று நான் கதை எழுதிய சம்பவத்துக்கு நூற்றுக்கு எண்பத்தேழரை வாய்ப்பு ஏற்கெனவே இருந்திருக்கிறது! வெள்ளை வரும்வரை எடுப்பது என்று அம்மா மனத்துக்குள் முடிவு செய்திருந்தால், அந்த வாய்ப்பும் நூறாகிவிடுகிறது. அப்பாவைக் காப்பாற்றியவை, பல மாதங்கள் அவர் விடாமல் விழுங்கிய மாத்திரைகள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்களையும் அவைதாம் காப்பாற்றின.

அம்மாவைப் பொய்க்காரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது நியாயமும் அல்ல. அவள் மாரியம்மனிடம் போனது தகவல் கேட்க அல்ல. மறுநாள் காலையில் எழுந்து அடுப்பு மூட்டி, தூக்கில் கஞ்சி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடக்க அவளுக்குத் தெம்பு வேண்டியிருந்தது. தெம்பு கேட்கிறவர்கள் எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம், கிடைக்கும்வரை கேட்கலாம். பிரார்த்தனை என்பதே அதுதானே? பிசகு எங்கே நேர்ந்தது என்றால், தெம்புக்காகக் கேட்டதை அவள் சேதியாக ஊருக்குச் சொன்னாள். "அம்மன் வெள்ளை கொடுத்தாள்" என்றாள். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. சொல்லாமல் விட்ட இரண்டு சிவப்புகளும் எங்கே போயின? ஆற்றில் விட்ட பூவைப் போல அவை மறைந்துவிடவில்லை. பதினான்கு வயதுப் பெண் ஒருத்தியின் கையில் ஒட்டிக்கொண்டு முப்பது வருஷம் கூடவே இருந்தன.

அறிவியல்காரர்கள் இந்தத் திருத்தத்தைக் கணக்கு என்கிறார்கள். எனக்கென்னவோ இதைச் சாட்சி தர்மம் என்று சொல்லத் தோன்றுகிறது. ஒரு வழக்கில் ஒருவன் வந்து சாட்சி சொல்கிறான். அவன் சொல்வது அட்சரம் பிசகாமல் உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் வக்கீல் அவனுக்கு முன் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேரை விசாரித்து, தன் கட்சிக்குச் சாதகமாகப் பேசவில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இவனை மட்டும் கூண்டில் ஏற்றியிருந்தால்? சாட்சியின் சொல் மாறவில்லை. அதன் எடை மாறிவிட்டது. நான் தலை சுற்றிக் கேட்ட கேள்விக்கும் இதுவே விடை என்று நினைக்கிறேன். நோயாளியின் உடம்புக்குள் இருக்கும் உண்மை நான் தீர்மானிக்கும் தேதியைப் பொறுத்து மாறுவதில்லை. அதைப் பற்றி நான் சொல்லும் வார்த்தைக்கு எவ்வளவு மதிப்பு என்பதுதான் மாறுகிறது. உண்மை நோஞ்சானல்ல, நாம்தான் நோஞ்சான்கள். வேண்டிய பதில் வந்தவுடன் கேட்பதை நிறுத்திவிடுகிறோம்.

நம் பெண்களுக்கு வரன் பார்க்கும்போது செய்வதை எண்ணிப் பாருங்கள். பையன் நல்ல உத்தியோகம், விட மனமில்லை. முதல் ஜோசியர் ரஜ்ஜு தட்டுகிறது என்கிறார். இரண்டாமவர் யோசிக்கலாம் என்கிறார். பல்லாவரத்தில் ஒருவர் நன்றாகப் பார்ப்பாராம் என்று மூன்றாமவரிடம் போகிறோம். அவர் "பேஷாகச் செய்யலாம்" என்றதும் கல்யாணப் பத்திரிகை அடித்துவிடுகிறோம். ஜோசியத்தை நம்புகிறவர்களும் இதைச் செய்கிறார்கள், அதுதான் ஆச்சரியம். உத்தியோகத்துக்கு ஆள் எடுக்கிறவர்களும், ஒரு மனிதனைக் கெட்டவன் என்று முதலிலேயே முடிவு கட்டிவிட்டு அவன் வாழ்க்கையில் ஆதாரம் தேடுகிறவர்களும் செய்வது இதைத்தான். நாலாயிரம் நாட்களில் ஒரு நாள் அவன் கோபமாகப் பேசியது கிடைத்துவிடும்.

கதை எழுதுகிறவர்களை நான் விட்டுவிட முடியாது. எங்கள் தொழிலே பொறுக்கி எடுப்பதுதான். ஆயிரம் சம்பவங்களில் ஒன்றை எடுத்து, இதுதான் வாழ்க்கை என்கிறோம். ஆனால் வாசகருக்கு அது தெரியும். கதை என்று தலைப்பில் போட்டே கொடுக்கிறோம். ஆராய்ச்சிக் கட்டுரைக்கு அந்தத் தலைப்பு இல்லை. அதை நம்பி ஒரு டாக்டர் மருந்து எழுதிக் கொடுப்பார். ஒரு தொழிலாளி கூலியில் பாதியைக் கொடுத்து அந்த மருந்தை வாங்குவார்.

நம் ஊரிலேயே இந்த தர்மத்தைக் காப்பாற்றியவர்கள் இருக்கிறார்கள். 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டபோது, அவர்கள் முக்கியமாக ஒரு கேள்வியை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டார்கள். நோயாளியைச் சானடோரியத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டுமா, வீட்டிலேயே மருந்து கொடுத்தால் போதாதா? யாருக்கு வீடு, யாருக்குச் சானடோரியம் என்பதை டாக்டரின் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். அதுவும் ஒருவகையில் பூக்கட்டிப் பார்த்ததுதான். ஆனால் ஒரே ஒரு தடவை எடுத்த பொட்டலம். பிடிக்கவில்லை என்று மறுபடியும் எடுக்கவில்லை. வீட்டு வைத்தியமும் ஏறக்குறைய அதே பலனைத் தருகிறது என்று 1959-இல் வெளியான முடிவு, உலகெங்கும் காசநோய் வைத்தியத்தையே மாற்றிவிட்டது.

இன்னொன்று இதைவிடக் கடினம். 1968-இல் திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பி.சி.ஜி. தடுப்பூசியைச் சோதிக்க ஆரம்பித்தார்கள். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள். உலகமே 'பலிக்கிறது' என்ற பதிலுக்காகக் காத்திருந்தது. 1979-இல் வெளியான முதல் முடிவு, பெரியவர்களின் நுரையீரல் காசத்தை அது தடுக்கவில்லை என்று சொன்னது. குழந்தைகளுக்கு வரும் கடுமையான காச வகைகளிலிருந்து காக்கும் என்பதற்காக அந்த ஊசியை இன்றும் பிறந்தவுடன் போடுகிறார்கள். அது வேறு விஷயம். அத்தனை வருஷம் உழைத்தவர்களுக்கு, லட்சக்கணக்கான பெயர்களுக்குள் புகுந்து, இந்த வயதுக்காரர்களில், இந்தத் தாலுகாவில், இந்த மாதத்தில் ஊசி போட்டவர்களுக்குப் பலித்தது என்று ஏதாவது ஒன்றைத் தோண்டியெடுத்து, அதையே பெரிதாகக் காட்டும் ஆசை வந்திருக்க முடியாதா? சிவப்பு வந்தது, சிவப்பு என்றே சொன்னார்கள்.

அன்று மத்தியானம் சாப்பாடு முடிந்து கிளம்பும்போது அக்கா மகள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். நாலாயிரம் தலைப்பையும் பார்த்ததாகவே எழுதினாள். திருத்திய எண் 0.4 என்று போட்டாள். வைட்டமின் டி விஷயத்தை மறைக்கவும் இல்லை. 'சந்தேகத்துக்கு இடம் உண்டு. புதிய ரத்த மாதிரிகளில் இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டுப் பார்க்க வேண்டும்' என்று எழுதினாள். கட்டுரை அவள் எண்ணிய சஞ்சிகையில் வரவில்லை. அதைவிடச் சிறிய ஒன்றில் வந்தது. பேராசிரியர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளைக் கூப்பிட்டு, "புதிதாக எத்தனை மாதிரி வேண்டியிருக்கும்?" என்று கேட்டாராம். அந்த வேலை இப்போது நடந்துகொண்டிருக்கிறது. பதில் வெள்ளையா சிவப்பா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் இந்தத் தடவை கேட்கப்போவது ஒரே தடவை.

இதற்கிடையில் எங்கள் தெருவில் ஒரு குலுக்கல் சீட்டு நடந்தது. இருபது பேர் சேர்ந்த சீட்டு. என்னை அழைத்தார்கள். நான் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். வரமாட்டேன் என்றாள்; கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்துப் போனேன். "இந்தத் தடவை அக்கா எடுப்பாள்" என்றேன். டப்பாவுக்குள் கையை விட்டவள் வெகுநேரம் துழாவினாள். வெளியே வந்த பெயர் மூன்றாவது வீட்டுக்காரருடையது.

"பார்த்தியா?" என்றாள் அக்கா.

"இருபதில் ஒன்றுதான் நம் பெயர், அக்கா" என்றேன். "அடுத்த மாதமும் நீதான் எடுக்கிறாய். அதற்கடுத்த மாதமும். எத்தனை தடவை எடுத்தாய் என்று நான் நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறேன்."

அவள் முதலில் முறைத்தாள். பிறகு, "எழுது, எழுது. செவப்பையும் சேர்த்து எழுது" என்றாள்.